கற்களுக்கு நல்ல நாள்

அன்பு மகள் யுன்ஷுவுக்கு,

சூச்சோவிலிருந்து அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நலம். பல்வலி போய்விட்டது, முட்டிவலி போகவில்லை, கோபம் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறது. அங்கே நைரோபியில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, கொதிக்கவைத்த தண்ணீரையே குடித்து, கொசுவலையைச் சரியாகச் செருகிக்கொண்டு தூங்குகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன், இல்லையென்றாலும் அப்படித்தான் என்று பதில் எழுது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் கு போஹான் பெயரை எடுத்ததுமே விடுங்கம்மா விடுங்கம்மா என்று ஆரம்பித்துவிடுகிறாய், அப்புறம் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. தாளில் நீ குறுக்கே பேச முடியாது. உன் அலுவலகத் தோழி ஊருக்கு வந்தவள் திரும்பிப் போகிறாள், அவள் கையில் இதையும் நம் கொல்லை மரத்துப் பெர்சிமன் பழம் உலர்த்தியதில் ஒரு பெட்டியும் கொடுத்து அனுப்புகிறேன். கடிதத்தைப் படித்துவிட்டுப் பழத்தைச் சாப்பிடு, ஏன் என்று கடைசியில் தெரியும்.

அப்பா போன கதை உனக்குத் தெரியும், ஆனால் முழுதாகத் தெரியாது. நீ விமானம் பிடித்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது, அழுவதற்கே நேரம் போதவில்லை, நானும் பாதியை விழுங்கிவிட்டேன். இப்போது சொல்கிறேன். சந்து முனையில் இருந்த பழைய வீட்டைக் கு போஹான் வாங்கினான் அல்லவா, மரச்சாமான் வியாபாரத்தில் சம்பாதித்தது போதும், இனிமேல் பழங்காலத்துப் பண்டிதன் மாதிரி வாழப்போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, நம் கொல்லைச் சுவர் வரைக்கும் இருந்த பின்கட்டை இடித்துத் தோட்டம் போட ஆரம்பித்தான். தோட்டம் என்றால் மலை வேண்டுமே, ஏரியிலிருந்து எடுத்த பெரிய கற்களை, ஓட்டை ஓட்டையாய் இருக்குமே அந்தக் கற்களை, லாரியில் கொண்டுவந்து சந்து வாயிலேயே இறக்கிப் போட்டான். ஒரு ஆள் குடையை மடக்கிக்கொண்டு பக்கவாட்டில் போகலாம், அவ்வளவுதான் வழி. நான் போய்க் கேட்டேன். பொறுங்கள், உள்ளே எடுத்துவிடுகிறேன் என்றான். மறுபடி போய்க் கேட்டேன். அன்றைக்கு அவன் சொன்ன சொல் இன்னும் என் காதில் அப்படியே இருக்கிறது. "கல்ல நிறுத்தறதுக்கு நல்ல நாள் பாக்கணும்க்கா. காலண்டர்ல இந்த வாரம் பூரா ஆகாத நாளு. ஆகாத நாள்ல மலைய வச்சா வீட்டுக்கு ஆகாது."

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் கத்தினேன். மனிதர் மாடி ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, டீக் குவளையும் கையுமாய், சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கும் வேலையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். நம் சந்தில் எப்போது ஒரு தோட்டம் இருந்தது, கட்டட்டும் விடு, கல் ஒவ்வொன்றும் எவ்வளவு நன்றாக இருக்கிறது பார் என்றார். அவர் சுபாவம் உனக்குத் தெரியாதா. அடுத்த நாள் மத்தியானம், சாப்பிட்ட கிண்ணத்தைக் கீழே வைக்கப் போனவர் கை வராமல் அப்படியே சரிந்தார். ஆம்புலன்ஸ் சீக்கிரம்தான் வந்தது, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் சந்து வாயில் நின்றுவிட்டது. ஸ்ட்ரெச்சர் கற்களுக்கு நடுவே நுழையவில்லை, சாய்த்துப் பார்த்தார்கள், தூக்கிப் பார்த்தார்கள், கல் மேலே ஏறி நின்று வாங்கப் பார்த்தார்கள். கடைசியில் சந்தின் அடுத்த முனைக்குப் போய், கால்வாய்ப் பாலத்தின் படிக்கட்டில் ஏற்றி இறக்கி, அந்தக் கரை வழியாகச் சுற்றிக் கொண்டுபோனார்கள். பாலத்து உச்சியில் அவர் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்துவிட்டு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இரண்டு நாளில் எல்லாம் முடிந்தது. துக்க வீட்டு வெள்ளை விளக்கை வாசலில் கட்டிவிட்டு நான் உட்கார்ந்திருக்கிறேன், சந்து முனையில் வெடிச் சத்தம் கேட்கிறது. என்ன என்று பார்த்தால் அன்றைக்குக் காலண்டரில் நல்ல நாளாம், கல்லை உள்ளே எடுத்து நிறுத்துகிறார்களாம். சாயங்காலம் ஒரு பழக்கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து, வயசானவங்க, குளிர்காலம், நம்ம கையில என்னக்கா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனான். உன் அப்பாவுக்கு அறுபத்தாறு. அந்தக் கூடையைக் கால்வாயில் போட்டேன், ஆரஞ்சுப் பழங்கள் மிதந்து அவன் வீட்டுப் பக்கமே போயின.

அதற்கப்புறம் நான் அவனோடு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. சண்டையும் போடவில்லை, சண்டை போட்டால் அன்றோடு தீர்ந்துவிடும். இந்த வசந்தத்தில் அவன் தோட்டம் முடிந்து, தெரிந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்ட ஆரம்பித்தான். நான் போகவில்லை, நம் சந்துப் பாங் அக்கா போனாள், அவளுக்கு ஓசியில் டீ கிடைக்கிறது என்றால் எரிகிற வீட்டுக்குள்ளும் போவாள். வந்தவள் போனைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினாள். மண்டபத்தில் உட்கார்ந்து பார்த்தால் எதிரே நம் மாடியை மறைக்கும் உயரத்துக்கு வெள்ளைச் சுவர், சுவரில் ஆள் உயரத்துக்கு வட்டவாசல், அந்த வட்டத்துக்குள் என்ன தெரிகிறது என்று நினைக்கிறாய், நம் பெர்சிமன் மரம். மரத்துக்குப் பின்னால் நம் மாடி ஜன்னல். வட்டத்துக்கு இரண்டு பக்கமும் அந்தக் கற்கள் காவல்காரர்கள் மாதிரி நிற்கின்றன. மண்டபத்துக்குப் பெயர்ப்பலகை வேறு, சிவப்பை இரவல் வாங்கிய மண்டபம் என்று. இலையுதிர் காலத்தில் நம் பழம் பழுத்துத் தொங்கும் சிவப்பைத்தான் சொல்கிறான். தோட்டக்கலையில் பெரிய நுணுக்கமாம் அது, அடுத்தவர் காட்சியை நம் தோட்டத்துக்கு இரவல் வாங்குவது. கிழக்குமலையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் குழந்தை மாதிரி உன் அப்பா கொண்டுவந்த கன்று. அவரையும் கொன்றுவிட்டு அவர் மரத்தை எடுத்துத் தன் தோட்டத்துக்கு நெற்றிப்பொட்டாக வைத்துக்கொண்டிருக்கிறான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது யுன்ஷு, அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் மரத்தையே வெட்டிவிடலாம் என்று ஆளைக் கூட்டிவந்தேன். வந்த ஆள் ரம்பத்தை வைத்ததும் அடிமரத்தில் உன் அப்பா சுற்றிவிட்ட வைக்கோல் கயிறு, பனிக்காகச் சுற்றியது, அப்படியே இருப்பதைப் பார்த்தேன். டீயைக் கொடுத்து ஆளை அனுப்பிவிட்டேன். சரி, அசிங்கப்படுத்தலாம் என்று அடுத்த முறை கு போஹான் ஆட்களைக் கூப்பிட்டிருந்த நாளில், மரத்துக்கும் ஜன்னலுக்கும் குறுக்கே மூங்கில் கட்டி, உன் அப்பாவின் பழைய கம்பளிக் காற்சட்டை, என் பூப்போட்ட மெத்தைவிரிப்பு, நாலு உப்புக் கருவாடு, ஒரு வாத்து, எல்லாவற்றையும் வரிசையாகத் தொங்கவிட்டேன். என்ன நடந்தது தெரியுமா. வந்தவர்கள் எல்லாம் ஆகா, உயிருள்ள காட்சி, பழைய சூச்சோவின் வாழ்க்கை என்று போட்டோ எடுத்துத் தள்ளிவிட்டார்கள். பாங் அக்கா ஓடிவந்து, "ஒன் கருவாட்டுக்குக் கூட்டம் அலைமோதுதுடி, டிக்கெட் போட்டா ரெண்டு பேரும் பொழச்சிக்கலாம்" என்று சிரிக்கிறாள். சாயங்காலம் கு போஹான் எனக்கு ஒரு பெட்டி அரிசிக் கேக் அனுப்பியிருந்தான், நன்றி என்று. இரண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்லை.

அப்புறம்தான் அந்த இரவல் வித்தையை நாமும் கற்றுக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். ஊர்த் தோட்டங்களுக்கு வருஷ அட்டை இருக்கிறதே, காலை நேரத்தில் எங்களைப் போன்ற கிழங்களுக்குத்தான் தோட்டங்கள், கொடி பிடித்த சுற்றுலாக் கூட்டம் வருவதற்கு முன்னால் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். முன்பெல்லாம் நானும் பாங் அக்காவும் பெரிய தோட்டத்துக்குப் போனால் குளத்தோரம் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துவிட்டு ஊர்க்கதை பேசி வந்துவிடுவோம். இந்த முறை நான் கண்ணைத் திறந்துகொண்டு போனேன். குளத்தின் கிழக்கே நின்றால் தூரத்தில் வடக்குக் கோயில் கோபுரம் மரங்களுக்கு மேலே தெரியுமே, அது தோட்டத்துக்குள்ளே இருப்பது மாதிரி, அங்கே ஒரு வழிகாட்டிப் பெண் ஒலிபெருக்கியில் இதுதான் இரவல் காட்சி, ஒரு செங்கல் செலவில்லாமல் கோபுரத்தையே வாங்கிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கோபுரத்தைப் பார்த்து எனக்குப் பரிதாபமாக இருந்தது. அதற்கு வாய் இல்லை, யார் எடுத்தாலும் நின்றுகொண்டே இருக்கும். எனக்கு வாய் இருக்கிறது. அப்படி நினைத்துக்கொண்டே தாழ்வாரத்தில் வருகிறேன், சுவரில் பூவேலை செய்த ஜன்னல்கள் இருக்கும் அல்லவா, ஒன்றின் வழியாகப் பார்த்தால் மூங்கில் தெரியும், ஒன்றில் வாழை தெரியும். ஒன்றில் பார்க்கிறேன், மூங்கிலும் இல்லை வாழையும் இல்லை, பாங் அக்கா அந்தப் பக்கம் நின்று நாக்கை நீட்டிக்கொண்டிருக்கிறாள். நான் ஒரு கணம் திடுக்கிட்டுப்போனேன். அழகைப் பார்க்கலாம் என்று குனிந்தால் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு முகம் நம்மையே பார்க்கிறது. அவ்வளவுதான் மகளே, எனக்கு வழி கிடைத்துவிட்டது. பாங் அக்காவுக்கு அன்றைக்குக் காசைப் பார்க்காமல் இறால் போட்ட நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தேன், எதற்கு என்று அவளுக்கு இன்றுவரை புரியவில்லை.

அவன் எதற்காக இவ்வளவு பாடுபடுகிறான் என்பது சந்துக்கே தெரியும். தனியார் தோட்டங்களைப் பார்த்து, தரமானது என்றால் பெயர்ப்பலகை கொடுத்து, பார்வையாளர்களுக்குத் திறந்துவிடும் குழு ஒன்று இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் இவன் மரச்சாமான்காரன் இல்லை, தோட்டக்காரப் பண்டிதன் ஆகிவிடுவான், செத்த பிறகும் பெயர் நிற்கும். குழு எப்போது வந்தால் நன்றாக இருக்கும் என்று அவன் கேட்டு வாங்கிய நாள் நம் பழம் முழுதாகப் பழுத்திருக்கும் நாள். நான் காலண்டரைத் திருப்பிப் பார்த்தேன், விருந்தினரை அழைக்க உகந்த நாள் என்று போட்டிருந்தது. எனக்கும் உகந்ததுதான் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்குக் காலை மாடி ஜன்னலைத் திறந்து, மெத்தைவிரிப்பு கருவாடு ஒன்றும் இல்லாமல் துடைத்துவிட்டு, உன் அப்பாவின் பெரிய படத்தை, கறுப்பு நாடா கட்டியதை, மரத்துக்கு நேராக வெளியே பார்க்கும்படி நிறுத்தினேன். அவர் முழங்கை ஊன்றும் இடத்தில். பக்கத்தில் டீக் குவளையும் வைத்தேன். பிறகு நீ அனுப்பிய நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு, அவன் வீட்டுக்குப் போனேன். அக்கம்பக்கத்தார் எல்லோரையும் அழைத்திருந்தான், குழுவுக்கு முன்னால் சந்து மொத்தமும் தன்னை மெச்ச வேண்டும் என்று. என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக, வாங்கக்கா, கடைசியில் வந்துட்டீங்களே என்றான்.

பொய் சொல்ல மாட்டேன், தோட்டம் நன்றாகத்தான் இருந்தது. அதுவும் எனக்கு வயிற்றெரிச்சல். குழுவில் ஷி என்று வெள்ளை முடி அம்மாள் ஒருவர்தான் தலைமை, அதிகம் பேசாதவர், வளைந்த பாலத்தில் நின்று மீனைப் பார்த்தார், பாசியைத் தொட்டுப் பார்த்தார். கு போஹான் பின்னாலேயே நடந்து ஒவ்வொரு கல்லுக்கும் கதை சொன்னான், இது எந்தக் கரையில் கிடைத்தது, இதற்குள் எத்தனை துளை, கீழே ஊதுவத்தி வைத்தால் எல்லாத் துளையிலும் புகை வரும் என்று. நான் கூட்டத்தின் வாலில் போனேன். மண்டபத்துக்கு வந்ததும் எல்லோரையும் உட்காரச் சொல்லி, முதுகை வட்டவாசலுக்குக் காட்டிக்கொண்டு நின்று, இப்போது பாருங்கள் என் தோட்டத்தின் உயிரை என்று கையை விரித்தான். எல்லோரும் பார்த்தார்கள். கை விரித்தபடியே அவன் திரும்பினான். பழம் சிவப்பாய்த் தொங்குகிறது, இலை ஒன்று இல்லை, கிளைகளுக்கு நடுவே உன் அப்பா அவனை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஷி அம்மாள் அது யார் என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர், காலமாகிவிட்டார் என்று இவன் முணுமுணுத்தான். அப்போதுதான் நான் முன்னால் வந்தேன். குரல் உயர்த்தவில்லை, அழவும் இல்லை, நீ பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பாய். "எல்லாக் கல்லுக்கும் கதை சொன்னீங்களே தம்பி, இந்த ரெண்டு கல்லும் எங்க கெடந்துச்சு, யாரு வழிய மறிச்சுது, எந்த நாள் பாத்து உள்ள கொண்டாந்தீங்க, அதயும் இந்த அம்மாகிட்ட சொல்லுங்க. ஜன்னல்ல இருக்கறவருக்கும் கேக்கணும்." சந்துக்காரர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள், அவர்களுக்குத் தெரியாத கதையா. ஷி அம்மாள் விடவில்லை, சொல்லுங்கள், நானும் தெரிந்துகொள்கிறேன் என்று அமைதியாகக் கேட்டார். கடைசியில் அவனே சொன்னான், தரையைப் பார்த்துக்கொண்டு, துண்டு துண்டாக, நல்ல நாள் வரை காத்திருந்ததை, ஆம்புலன்ஸ் வந்ததை, அப்புறம் நல்ல நாள் வந்ததை. வெடி போட்டதை விட்டுவிட்டான், நான் நினைவுபடுத்தினேன். அந்த அம்மாள் எழுந்து, வட்டவாசலுக்கு அருகே போய், உன் அப்பா படத்தைப் பார்த்துத் தலை தாழ்த்திவிட்டு, டீக்குக்கூட நிற்காமல் போய்விட்டார். மற்றவர்களும் பின்னாலேயே போய்விட்டார்கள். மேஜை நிறைய வைத்திருந்த பலகாரத்தைப் பாங் அக்கா மட்டும் கைக்குட்டையில் கட்டிக்கொண்டாள்.

பெயர்ப்பலகை அவனுக்குக் கிடைக்கவில்லை. நான் படத்தை எடுக்கவும் இல்லை. மண்டபத்தில் அவன் டீ குடிக்க உட்கார்ந்தால் அவர் பார்க்கிறார், மீனுக்கு இரை போட்டால் பார்க்கிறார், ஊரிலிருந்து யாரைக் கூட்டிவந்தாலும் முதல் கேள்வி அது யார் என்பதுதான். பத்துப் பதினைந்து நாள் தாங்கினான். பிறகு ஒரு மத்தியானம் கயிறு கட்டிய நண்டுகளை ஒரு கூடை நிறையத் தூக்கிக்கொண்டு நம் வாசலுக்கு வந்தான். முகம் வற்றிப்போயிருந்தது. அந்தக் கற்களைப் பார்த்தாலே தனக்கு இப்போதெல்லாம் தூக்கம் வருவதில்லை என்றான். நீ நினைப்பாய் அம்மாவுக்கு அப்போதாவது மனம் இளகியிருக்கும் என்று. இளகவில்லை. இனிப்பாக இருந்தது, அவ்வளவுதான். படத்தை மட்டும் எடுத்துவிடுங்கள், என்ன வேண்டுமோ கேளுங்கள் என்று கிட்டத்தட்டக் கையைக் கூப்பினான். இந்த ஒரு பதிலுக்காகத்தான் நான் இத்தனை நாள் உயிரோடு இருந்தேன் என்று வைத்துக்கொள். "எடுக்கறேன் தம்பி, அதுக்கென்ன. நல்ல நாள் பாக்கணும்ல." நண்டுகளை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

மூன்றாம் நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது கொத்துக்கரண்டி உரசும் சத்தம் கேட்டது. மாடிக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு கொத்தனார்கள் வட்டவாசலுக்குள் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள், இவன் பக்கத்தில் நின்று சீக்கிரம் சீக்கிரம் என்று விரட்டிக்கொண்டிருந்தான். மதியத்துக்குள் வட்டம் மூடிவிட்டது, சாயங்காலம் வெள்ளையடித்துவிட்டார்கள். இப்போது அவன் சிவப்பை இரவல் வாங்கிய மண்டபத்தில் உட்கார்ந்தால் எதிரே வெறும் சுவர். கீழே வந்து காலண்டரைப் பார்த்தேன் யுன்ஷு. அன்றைக்குச் சுவர் எழுப்ப ஆகாத நாள், கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அவன் பார்க்கவே இல்லை. அவசரம் என்று வந்துவிட்டால் ஆகாத நாளிலும் கல்லை நகர்த்தலாம் என்று அவனுக்கு இப்போது தெரிந்துவிட்டது. அன்றைக்குத் தெரியவில்லை. அந்தக் காலண்டர் தாளைக் கிழித்து, நாலாக மடித்து, அவன் வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தேன்.

அன்றைக்கு மாலைதான் உன் அப்பா படத்தைக் கவனித்தேன். அவர் முகத்துக்கு நேரே இப்போது தோட்டமும் இல்லை, கற்களும் இல்லை, வெள்ளைச் சுவர்தான். அந்தக் கற்களை எவ்வளவு ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். உலகத்தில் ஒருவரையும் வெறுக்கத் தெரியாத மனிதர், அவருக்கும் சேர்த்து நான் வெறுக்க வேண்டியிருக்கிறது. படத்தை அறைப்பக்கம் திருப்பி வைத்தேன். கல்லைப் பார்த்தது போதும், இனிமேல் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். குளிர்கிறது, ஆனாலும் ஜன்னலைச் சாத்த மனம் வரவில்லை.

விடுங்கம்மா என்று நீ இப்போது சொல்வது எனக்கு இங்கே கேட்கிறது. விட்டுவிட்டேன், ஒன்றைத் தவிர. அவன் வீட்டு மேல்மாடியிலிருந்து நம் மரத்தின் உச்சி மட்டும் இன்னும் தெரியும். ஒவ்வொரு வருஷமும் உச்சிக்கிளைப் பழங்களை அப்பா பறவைகளுக்கு என்று விட்டுவைப்பார் அல்லவா, இந்த வருஷம் ஏணி போட்டு அதையும் ஒன்று விடாமல் பறித்துவிட்டேன். காலையில் குருவிகள் வந்து வெறும் கிளையில் உட்கார்ந்து என்னைத் திட்டிவிட்டுப் போகின்றன. அப்பா இருந்திருந்தால் அவரும் திட்டியிருப்பார். பெட்டியில் சிவப்பு நூல் கட்டித் தனியாக வைத்திருப்பது அந்தப் பழங்கள்தான், யாருக்கும் பங்கு கொடுக்காதே, வெறும் வயிற்றில் சாப்பிடாதே, குருவிகளுக்குப் பதிலாக நீ சாப்பிடு. அடுத்த வருஷம் நீ லீவு போட்டு வந்தால் உச்சிப் பழத்தை விட்டுவைக்கலாமா என்று இருவரும் சேர்ந்து யோசிப்போம்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் தொப்பி இல்லாமல் வேலைக்களத்துக்குப் போகாதே. உன் வழியில் ஒரு கல்லும் குறுக்கே கிடக்காமல், நினைத்த இடத்துக்கு நினைத்த நேரத்தில் நீ போய்ச் சேர வேண்டும், அம்மா வேண்டிக்கொள்வது அது ஒன்றுதான். அப்பாவின் நினைவுநாளுக்குப் போன் செய்ய மறக்காதே, அன்றைக்கு மட்டும் மீட்டிங் என்று சொல்லாதே.

ஜன்னலடியில் உட்கார்ந்து எழுதும்,
உன் அம்மா